எட்டுப் பொய்யும் ஒரு ஜன்னலும்

அத்தியாயம் 5

"குண்டூசி எங்கே?" என்றார் மேடம்.

காலையில் அலுவலகத்துக்கு வந்ததிலிருந்து அவர் வாயைத் திறந்தது அப்போதுதான். மேஜைமேல் ஒன்பது புகார்க் கடிதங்கள். ஒவ்வொன்றும் இரண்டு பக்கம். ஒன்பதையும் சீட்டுக்கட்டு மாதிரி விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னைச் சந்தேகப்படாதீங்க மேடம். இந்த ஆபீஸ்லருந்து நான் எடுத்துட்டுப் போனது ஒரே ஒரு குடை. அதுவும் ஓட்டை."

"ஒண்ணுலகூட குண்டூசி இல்ல. தச்சிருக்கு. பாருங்க."

பார்த்தேன். மூலையில் நான்கு சின்னத் துளைகள். ஊதா நூல் குறுக்கும் நெடுக்குமாக ஓடி, பின்பக்கம் ஒரே முடிச்சில் முடிந்திருந்தது. எழுத்து கடிதத்துக்குக் கடிதம் வேறு மாதிரி. ஒன்று வலப்பக்கம் சாய்ந்தது, ஒன்று இடப்பக்கம் சாய்ந்தது, ஒன்று நிமிர்ந்து நின்றது. தையல் மட்டும் ஒன்பதிலும் ஒரே கை.

எங்களுடையது போக்குவரத்து மேற்பார்வை அலுவலகம். அரசாங்கம் எந்தெந்த பஸ்ஸுக்கு நஷ்டத்தை ஈடுகட்டக் காசு கொடுக்கிறதோ, அந்த பஸ் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை. மேடம் விசாரணை அதிகாரி. அலுவலகத்தில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். நான் அவருடைய ஜீப் ஓட்டுபவன், கோப்பு தூக்குபவன், வாய் ஓயாதவன். எனக்கு ஓட்டைவாய் என்று பெயர். இரண்டு பெயருமே பொருத்தம்தான்.

விவகாரம் இதுதான். முப்பத்தொன்றாம் தடத்து பஸ் ஊருக்கு வெளியே, மூடிக்கிடக்கும் கூரை ஓட்டுத் தொழிற்சாலைவரை போகிறது. கடைசி நிறுத்தத்தில் இறங்க ஆள் இல்லை. அதனால் வரும் ஒன்றாம் தேதியிலிருந்து நிதியை நிறுத்துவதாக அமைச்சகம் முடிவு செய்துவிட்டது. நிதி நின்றால் பஸ்ஸும் நிற்கும். ஆனால் பழைய விதி ஒன்று குறுக்கே படுத்திருந்தது. விசாரணை நிலுவையில் இருக்கும் தடத்தை யாரும் நிறுத்தக் கூடாது. புகாரை மூடி மறைப்பதற்காகவே பஸ்ஸை நிறுத்திய புண்ணியவான்கள் ஒரு காலத்தில் இருந்தார்களாம். அவர்களுக்காகப் போட்ட விதி.

முப்பத்தொன்றின் ஓட்டுநர்மேல் எட்டுப் புகார்கள் நிலுவையில் இருந்தன. மூன்று தடவை விசாரணைக்குக் கூப்பிட்டும் மனிதர் வரவில்லை. நாளை பதினொரு மணிக்கு நான்காவது தடவை. நாளையும் வராவிட்டால் அவர் வேலை போய்விடும். கோப்பு தலைமை அலுவலகத்துக்குப் போய் இன்னும் ஆறு மாதம் தூங்கும்.

"எட்டுதானே நிலுவை? ஒன்பதாவது?"

"அதுதான் முதல்ல வந்தது. ஜன்னல் பத்தி. இடது பக்கம் மூணாவது ஜன்னல் நிக்காம விழுது, மழை உள்ள வருதுன்னு எழுதியிருக்கு. டிப்போல பாத்துட்டு, குறை எதுவும் இல்ல, பொய்ப் புகார்னு முடிச்சுட்டாங்க." கடிதங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். "அதுக்கப்புறம் எல்லாம் ஓட்டுநர்மேல. வேகமா ஓட்டறாரு. மெதுவா ஓட்டறாரு. கடுகடுன்னு பேசறாரு. திடீர்னு பிரேக் போடறாரு. ஒரு ஓட்டுநர்மேல என்னென்ன சொல்ல முடியுமோ எல்லாம் இருக்கு. ஒண்ணைத் தவிர."

"எது?"

"ஓட்டும்போது பேச்சுக் குடுக்கறாருன்னு யாருமே எழுதல. நமக்கு வர்ற புகார்ல பாதி அதுதான்."

"அவருக்கு டிப்போல மௌனசாமின்னு பேரு மேடம். வருஷக் கணக்கா யார்கிட்டயும் பேசறதில்லையாம். பேசாதவர்மேல எப்படி எழுதுவாங்க?"

"பேசாதவர் கடுகடுன்னு மட்டும் எப்படிப் பேசினாரு?"

நான் ஜீப் சாவியை எடுத்தேன்.

ஜீப்பில் ஏறினோம். மேடம் வழக்கம்போலப் பின் இருக்கையில் அமர்ந்தார். ஜீப்பின் ஓட்டப் பதிவேடு அவர் மடியில்தான் இருக்கும். ஒரு கிலோமீட்டர் கூடினாலும் காரணம் எழுதச் சொல்வார். ஆறு வருடமாக நான் முன்னால் பேசுவேன், அவர் பின்னால் "ம்" என்பார். சாயங்காலம் அவர் தங்கியிருக்கும் பெண்கள் விடுதி வாசலில் இறங்கி, "நாளைக்கு ஒன்பதரை" என்று சொல்லிவிட்டுப் போவார். பிறகு நான் என் அறைக்குப் போவேன். மனைவி போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. நான் பகலெல்லாம் ஏன் இப்படிப் பேசித் தொலைக்கிறேன் என்று யாரும் கேட்டதில்லை.

டிப்போவில் முப்பத்தொன்று நின்றுகொண்டிருந்தது. மௌனசாமி கையெழுத்துப் போட உள்ளே போயிருந்தார். நடத்துனர் கிடையாது. சிக்கனம் என்று போன வருடமே எடுத்துவிட்டார்கள். கதவுக்குப் பக்கத்தில் புகார்ப் பெட்டி, அதில் எங்கள் முத்திரை. நிதி நிறுத்தப்படும் தடங்களின் பட்டியலையும் கதவிலேயே ஒட்டியிருந்தார்கள்.

மேடம் நேராக இடது பக்கம் மூன்றாவது ஜன்னலுக்குப் போய் இழுத்துப் பார்த்தார். சிக்கென்று நின்றது.

"டிப்போ மெக்கானிக் சொன்னது சரிதான்" என்றேன்.

அவர் எதிர்ப்பக்கம் போய், வலது மூன்றாவது ஜன்னலைத் தூக்கினார். கையை எடுத்ததும் கண்ணாடி தடாலென்று கீழே விழுந்தது. அதற்குக் கீழே இருந்த இருக்கையில் மழை நீர் பட்டுப் பட்டு உறை வெளுத்துப்போயிருந்தது.

"எழுதின ஆளுக்கு இடது வலது தெரியல மேடம். என்னை மாதிரி. நான் இன்னிக்கும் சாப்பிடற கை எதுன்னு யோசிச்சுத்தான் வண்டியத் திருப்பறேன்."

"அதான் போன மாசம் சாக்கடைக்குள்ள திருப்பினீங்க." மேடம் பஸ்ஸின் நடுவே நின்று ஒவ்வொரு இருக்கையாகப் பார்த்தார். பார்வை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றது. அங்கே ஓர் ஒற்றை இருக்கை, மற்ற எல்லாவற்றையும் பார்த்தபடி, திரும்பி இருந்தது. "தெரியாம இல்ல. தெளிவாத் தெரிஞ்சுதான் எழுதியிருக்கு. இந்த வண்டில ஒரே ஒரு எடத்துல உக்காந்தாத்தான் வலது பக்கம் இடது பக்கமாகும்."

"நாற்காலி கிடைச்சாச்சு. ஆள்?"

"ரெண்டு பத்துக்கு வண்டி எடுப்பாங்க. பின்னால போய் உக்காருவோம். நீங்க மட்டும் தயவுபண்ணி பேசாம வாங்க."

இரண்டு பத்துக்கு வண்டி கிளம்பியது. ஓட்டுநர் ஐம்பத்தைந்து வயது மனிதர். துவைத்துத் துவைத்து நைந்த சீருடைச் சட்டை. எங்களை ஏறிட்டுப் பார்க்கவுமில்லை. ஆயத்த ஆடைத் தொழிற்சாலை நிறுத்தத்தில் ஷிப்ட் முடிந்த பெண்கள் பத்துப் பதினைந்து பேர் ஏறினார்கள். கடைசியாக ஏறிய நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி பாஸைக் காட்டிவிட்டு, காலியாக இருந்த அத்தனை இருக்கையையும் விட்டுவிட்டு, அந்தத் திரும்பிய இருக்கையில் உட்கார்ந்தார். அவருடைய முதுகுக்கும் ஓட்டுநர் முதுகுக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்புதான்.

"பொத்தானக்கா, நாளைக்குப் பாக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். ஆறாவது நிறுத்தத்துக்குப் பிறகு வண்டியில் மிஞ்சியது பொத்தானக்காவும் நாங்கள் இருவரும்தான்.

அப்போதுதான் அந்த அம்மாவின் உதடுகள் அசைவதைக் கவனித்தேன். கண் எங்கோ ஜன்னலுக்கு வெளியே. பாவம், தனியாகப் பேசிக்கொள்கிற நோய் என்று நினைத்தேன். எனக்கு அந்த நோயைத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கும் வரும்.

மேடம் என் முழங்கையைத் தட்டினார். "ஓட்டுநரோட தோளைப் பாருங்க."

தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. மௌனசாமி சிரிக்கிறார்! தலையைத் திருப்பவில்லை. கண் சாலையில். வாய் மட்டும் ஏதோ பதில் சொல்கிறது. பொத்தானக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். அவர்கள் தலைக்கு மேலே பெரிய எழுத்தில், வண்டி ஓடும்போது ஓட்டுநருடன் பேசக் கூடாது என்று அரசாங்கம் எழுதிவைத்திருந்தது.

கடைசி நிறுத்தத்தில் வண்டி நின்றது. மூடிய தொழிற்சாலை, அதன் பின்னால் வரிசையாகத் தொழிலாளர் வீடுகள். எல்லாம் பூட்டு. ஒரே ஒரு வீட்டு வாசலில் மட்டும் துணி காய்ந்துகொண்டிருந்தது.

மேடம் முன்னால் போய் அடையாள அட்டையை நீட்டினார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து, அதன் மூலையைப் பொத்தானக்காவிடம் காட்டினார்.

"தொழிற்சாலைல பொத்தான் தைக்கறீங்களா?"

பொத்தானக்கா நூலைப் பார்த்தார். மறுக்கவில்லை. "இருபத்திரண்டு வருஷமா. ரெண்டு தாளைச் சேக்கணும்னா எனக்குக் கை அதுக்குத்தாங்க போகுது. வீட்ல குண்டூசியும் இல்ல."

"இந்த மனுஷன் உங்களை என்ன பண்ணாரு? எட்டுப் புகார் எழுதியிருக்கீங்க."

"தங்கமான மனுஷங்க. எழுதினது எல்லாம் பொய்." குரல் கம்மியது. "முதல்ல ஜன்னலப் பத்தி எழுதினேன். அது விசாரணைல இருந்த வரைக்கும் கதவுல ஒட்டற லிஸ்ட்ல நம்ம வண்டி நம்பர் இல்ல. பொய்யின்னு முடிச்சாங்க, மறு வாரமே நம்பர் வந்துடுச்சு. அப்பதான் புரிஞ்சுது, புகார் இருக்கற வரைக்கும்தான் வண்டின்னு. ஜன்னலப் பத்தி எழுதினா வந்து பாத்துட்டு முடிச்சிடறாங்க. மனுஷனப் பத்தி எழுதினா அப்படி சட்டுனு முடிக்க முடியாதுல்ல? ரெண்டு திட்டு திட்டுவாங்க, அதோட போயிடும்னு நெனச்சேன்."

"திட்டா?" என் வாய் முந்திக்கொண்டது. "நாளைக்கு வரலன்னா இவருக்கு வேலையே போயிடும்மா!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். பெயருக்கு ஏற்ற வாய். பொத்தானக்காவின் முகம் வெளுத்துவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தடுப்பைச் சுற்றிக்கொண்டு போய், ஓட்டுநருக்கு எதிரே நின்றார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே நீங்க?"

ஓட்டுநர் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் எப்படிச் சொல்வாரு?" என்றேன். "எழுதினது நீங்கன்னு அவருக்குத் தெரியாதே."

"தெரியும்" என்றார் மேடம். "அவர் சட்டையப் பாருங்க. நாலு பொத்தான் வெள்ளை நூல். ரெண்டாவது மட்டும் ஊதா. அதே குறுக்குத் தையல். சம்மன் கூட புகாரோட நகல் அனுப்புவோம். நகல்ல அந்தத் தையல் நிழலா விழுந்திருக்கும். நெஞ்சு மேல இருக்கறதும் காகிதத்துல இருக்கறதும் ஒரே கைன்னு முதல் சம்மன்லயே உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. இல்லையா?"

ஓட்டுநர் தன்னையறியாமல் அந்தப் பொத்தானைத் தொட்டார்.

"புகார் எழுதினது இவங்க. அதை நிலுவையில வச்சது நீங்க" என்றார் மேடம். "வந்து பதில் சொன்னா அன்னிக்கே விசாரணை முடியும், வண்டி நிக்கும். அதனால வரல. மூணு தடவ. நாளைக்கும் வர்றதா இல்ல."

இன்ஜின் சூடு ஆறும் சத்தம் மட்டும் டிக் டிக்கென்று கேட்டது.

"வண்டி ஓடுமில்லைங்களா?" என்றார் ஓட்டுநர். நான் கேட்ட அவருடைய முதல் பேச்சு. "என்னை அனுப்பிட்டாலும் வேற ஆள் போட்டு ஆறு மாசம் ஓட்டணும். இவங்க வேலைக்குப் போய்ட்டு வரணும். நான் ஒண்டிக்கட்ட. வீட்ல ரேடியோகூட ரிப்பேர். எனக்கு நாள்ல நாப்பது நிமிஷம்தாங்க பேச்சு. அதுக்கு இது ஒண்ணும் பெரிசு இல்ல."

"நீங்க இல்லாத வண்டி எனக்கு எதுக்கு?" என்றார் பொத்தானக்கா.

சத்தம் போட்டுத்தான் சொன்னார். சொல்லிவிட்டு, சொன்னது தான்தானா என்று திகைத்து நின்றார். பிறகு மேடம் பக்கம் திரும்பினார். "எட்டையும் வாபஸ் வாங்கிக்கறேங்க. என் மேல கேஸ் போடுங்க. வண்டி நின்னா நின்னுட்டுப் போகட்டும். நான் எங்கயாவது ரூம் பாத்துக்கறேன்."

"வாபஸ் வாங்காதீங்க" என்றார் ஓட்டுநர்.

"நீங்க சும்மா இருங்க."

ஓட்டுநர் பிழைத்தால் வண்டி போகிறது. வண்டி பிழைத்தால் இவர் போகிறார். இரண்டில் எது நடந்தாலும் அந்த நாற்பது நிமிடம் காலி. அரசாங்கத்தின் எந்தக் கணக்கிலும் அந்த நாற்பது நிமிடத்துக்கு ஒரு பத்தி இல்லை.

"உங்க இடத்துல போய் உக்காருங்க" என்றார் மேடம், பொத்தானக்காவிடம். உட்கார்ந்தார். "நிக்காம விழற ஜன்னல் எது?"

பொத்தானக்கா இடது கையை நீட்டினார். "அதோ, இடது பக்கம் மூணாவது."

"எழுந்து இப்படித் திரும்பி நில்லுங்க. இப்ப?"

அந்த அம்மா எழுந்து முன்பக்கம் பார்த்து நின்றார். நீட்டவேண்டிய கை மாறிப்போயிற்று. "ஐயோ" என்றார்.

மேடம் என்னிடம் திரும்பினார். அவர் கண்ணில் நான் அதுவரை பார்க்காத ஒரு குறும்பு. "டிப்போக்காரங்க எந்த ஜன்னலப் பாத்துட்டுக் குறை இல்லன்னு எழுதினாங்க?"

"இடது."

"நிக்காம விழறது?"

"வலது! மேடம், அப்ப அந்தப் புகார்…"

"உண்மை. தப்பா முடிச்சிருக்காங்க. தப்பா முடிச்ச விசாரணைய அதிகாரி நேர்ல பாத்து உறுதிப்படுத்தினா மறுபடியும் திறந்தே ஆகணும். அது ஆள் மேல இல்ல, வண்டி மேல. யார் வேலையும் போகாது. கண்ணாடிய சரி பண்ற வரைக்கும் நிலுவை."

"கண்ணாடிய எப்ப சரி பண்ணுவாங்க?"

"பராமரிப்பு நிதி வந்தா. நிறுத்தப் போற தடம்னு சொல்லி முப்பத்தொண்ணுக்குப் பராமரிப்பு நிதியப் போன வருஷமே நிறுத்திட்டாங்க. நிதி வராம கண்ணாடி இல்ல. கண்ணாடி இல்லாம விசாரணை முடியாது. விசாரணை முடியாம தடத்தை நிறுத்த முடியாது. நிறுத்தறதா வேணாமான்னு முடிவாகாம நிதி வராது."

"நாய் தன் வாலத் துரத்தற மாதிரி இருக்கு மேடம்."

"துரத்தட்டும். அதுவரைக்கும் வண்டி ஓடும்."

ஓட்டுநர் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார். "அது சின்ன வேலைதாங்க. ஒரு ரப்பர் பட்டை வச்சா அரை மணில நானே…"

"தொட்டீங்கன்னா கையை ஒடிச்சிடுவேன்" என்றேன்.

மறுநாள் காலை பதினொரு மணிக்குப் பத்து நிமிடம் முன்பே இருவரும் வந்துவிட்டார்கள். தனித்தனியாக வந்து, காத்திருக்கும் பெஞ்சின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். விசாரணை அறையில் புகார் கொடுத்தவரும் புகாருக்கு ஆளானவரும் எதிரெதிரே அமரவேண்டும் என்பது முறை. அமர்ந்தார்கள். மேடம் கேட்ட கேள்விக்கு இருவர் வாயிலிருந்தும் பேச்சு வரவில்லை. அந்த அம்மா மேஜையைப் பார்த்தார். அவர் சுவரைப் பார்த்தார். நான் இரண்டு ஜோக் சொன்னேன். அறை இன்னும் அமைதியானது.

ஐந்து நிமிடம் பார்த்த மேடம், "நாற்காலியத் திருப்பிப் போடுங்க" என்றார் என்னிடம்.

முதுகோடு முதுகாகப் போட்டேன். உட்கார்ந்தார்கள். பொத்தானக்கா பெருமூச்சு விட்டார். எட்டுப் புகாரும் பொய் என்று தெளிவாக, ஒவ்வொன்றாகச் சொன்னார். வருத்தம் எதுவும் இல்லை என்று ஓட்டுநர் சொன்னார். நான் எழுதி முடித்த பிறகும் பேச்சு நிற்கவில்லை. மழை வரும்போல இருக்கிறதே, குடை கொண்டுவந்தீர்களா என்று அவர் கேட்டார். கொண்டுவந்திருந்தால் மட்டும், அந்த ஜன்னல் பக்கம் போனால் நனையத்தானே போகிறோம் என்றார் அந்த அம்மா. மேடம் பேனாவை மூடி வைத்துவிட்டு, அவர்களை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் ஐந்தரைக்கு ஜீப்பை எடுத்தேன். மேடம் பின்னால் ஏறினார். மடியில் பதிவேடு. இரண்டு தெரு போன பிறகுதான் நான் இன்னும் ஒன்றும் பேசவில்லை என்பது எனக்கே உறைத்தது. ஆறு வருடமாக என் பிடரியைத்தான் மேடம் பார்த்துக்கொண்டு வருகிறார். அந்த "ம்" எதற்குமே நான் திரும்பிப் பார்த்ததில்லை.

"ஏன் பேசாம வர்றீங்க?" என்றார்.

"நீங்கதானே மேடம் எப்பவும் வாய மூடச் சொல்வீங்க."

"வீட்டுக்குப் போய் யார்கிட்ட பேசுவீங்க?"

"சுவர்கிட்டதான். எதிர்த்துப் பேசாது பாருங்க."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. விடுதிக்குத் திரும்பும் முனை வந்தது. நேராகப் போனால் விடுதி. இடது பக்கம் ஏரிக்கரைச் சாலை, நான்கு கிலோமீட்டர் சுற்று.

"சுத்து வழியாப் போங்க" என்றார்.

கை தானாக வண்டியின் வேகத்தைக் குறைத்தது. "பதிவேட்டுல காரணம் கேப்பீங்களே மேடம். என்னன்னு எழுதட்டும்?"

பின்னால் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"நான் எழுதிக்கறேன்" என்றார். "நீங்க பேசுங்க."